வாய்ப்பஞ்சுக் காலம்

மேற்குமலை அடிவாரத்தில், மனிதர்களைவிட இலவமரங்கள் அதிகமாகவும் மனிதர்களைவிட அவை நெட்டையாகவும் நிற்கும் இலவம்பாறை என்கிற ஊரில், ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர் தமயந்தியின் வாயிலிருந்து குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடிப் பஞ்சு வந்தது.

டீக்கடை லூர்து வழக்கம்போல, "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டார். அதற்குச் சொல்லவேண்டிய பதில் தமயந்திக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்து அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள், மனிதர்கள் எதைக் கேட்டால் எதைச் சொல்லவேண்டும், அப்படிக் கேட்கும்போது அவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதிச் சேர்த்தது. முப்பத்துநான்கு வயதில் அது நான்காவது நோட்டாகியிருந்தது. 'சாப்பிட்டாச்சா என்பது சோற்றைப் பற்றிய கேள்வி அல்ல', 'ஒருநாள் வீட்டுக்கு வாங்க என்றால் போகக்கூடாது' என்றெல்லாம் அதில் இருந்தது. "நல்லா இருக்கேண்ணே, நீங்க எப்படி இருக்கீங்க?" என்பதுதான் முதல் நோட்டின் முதல் பக்கம். அதைத்தான் சொன்னாள். சத்தமே இல்லை. உதட்டிலிருந்து கிளம்பிய வெண்பஞ்சு டீக்கடை ஆவியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் பால்சட்டியின் விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது.

லூர்து அதைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் பஞ்சு. மூன்றாம் முறை, என்ன செய்வதென்று தெரியாமல், நோட்டில் எங்கேயும் இல்லாத ஒன்றை அவள் சொன்னாள். "தலை வலிக்குதுண்ணே. என் ரூமு டியூப் லைட்டு மூணு நாளா ஙொய்னு கத்திக்கிட்டே இருக்கு. வேற யாருக்கும் கேக்க மாட்டேங்குது. எனக்குக் காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு."

குரல் தெளிவாக வந்தது. லூர்து அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அறிவிப்பு அறைக்குப் போய் அந்த டியூப் லைட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வருடமாக அதே அறையில் எத்தனையோ சத்தங்களைப் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்த தமயந்தி, அந்த இரண்டு நிமிடத்தை அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்குள் ஊர் முழுக்கப் பஞ்சு பறந்தது. ஆடிக்காற்று ஏதோ குடோனின் கதவைப் பிடுங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்தார்கள், பிறகு தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மனசில் இல்லாததைச் சொன்னால் பஞ்சு, இருப்பதைச் சொன்னால் குரல் என்கிற கணக்கு மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. ஏன் இப்படி என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் துணி காயாது என்பதுபோல, ஆகவேண்டியதைப் பார்த்தார்கள். ஜவுளிக்கடைகளில் 'இது உங்களுக்கு எடுப்பா இருக்கு' என்று சொல்லும் பெண்கள் காலையில் துடைப்பத்தோடு வேலைக்கு வந்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஒரு கட்சிக் கூட்டத்தில் பேசவந்தவர் முக்கால் மணி நேரம் பேசி முடித்தபோது மேடையே தெரியவில்லை, உள்ளே கைவிட்டுத் துழாவித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். மெத்தைக்கடைக்காரர்கள் ஆசையோடு அந்தப் பஞ்சை அள்ளித் தலையணையில் அடைத்துப் பார்த்தார்கள். ஒருமுறை தலைவைத்தால் பள்ளம் பள்ளமாகவே கிடந்தது, உப்பி எழவே இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள். அதற்கு வாய்ப்பஞ்சு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஊசி போடும்போது 'வலிக்காதுடா கண்ணு' என்று தாய் சொன்னால் வரும் பஞ்சு கையில் எடுத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், பொறாமையில் வாழ்த்தினால் வரும் பஞ்சில் கறுப்பாக விதை கிடக்கும் என்பதையும் ஊர்ப் பெண்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள்.

தமயந்திக்கு வேலையில் ஒரு சங்கடமும் இல்லை. போடிக்குப் போகும் பேருந்து இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது என்றால் அது நின்றுகொண்டுதான் இருக்கும். ஒரே ஒருநாள், வழியில் பழுதாகி நின்ற வண்டியைப் பற்றி 'இன்னும் சற்று நேரத்தில் வந்துசேரும்' என்று டைம்கீப்பர் சவரிமுத்து எழுதிக் கொடுத்தார். மைக்கின் முன்னால் அவள் வாசித்தபோது ஒலிபெருக்கி பொருமியது. அவள் பஞ்சை ஒதுக்கிவிட்டு, "கம்பம் போற ரெண்டு பத்து வண்டி ரிப்பேராகி நிக்குது. இன்னிக்கு வராது. மூணு மணி வண்டியில போங்க" என்றாள். காத்திருந்தவர்கள் ஒருவர்கூடத் திட்டவில்லை. எழுந்து கால் நீட்டி, டீ குடிக்கப் போனார்கள்.

அந்தச் சவரிமுத்துதான் மறுநாள் அவள் அறைவாசலில் வந்து நின்றார். ஆறு வருடமாக, மைக்கில் பேசுவதோடு நிறுத்திக்கொள், மற்ற நேரத்தில் நீ பேசினால் எனக்கு வம்பு என்று அவளிடம் சொல்லிவந்தவர் அவர். அவருடைய தம்பி ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். தினமும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து 'ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்' என்று சொல்லச் சொல்லத் தம்பியின் போர்வை மேல் பஞ்சு குவிகிறது, அவன் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறான், எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்றார். பஞ்சு வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தமயந்தி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் அவள் நேராகப் பார்ப்பதில்லை, பார்த்தால் காதில் விழுவது நின்றுவிடும். மேஜைமேல் இருந்த பேருந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்றவங்க எல்லாருமே பயந்துபோய் இருக்கவங்கதான். நான் பதினேழு பேரைப் பாத்து எழுதி வச்சிருக்கேன். உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டாள்.

"அவன் போயிருவான்னு பயமா இருக்கும்மா. அவன் இல்லாம நான் இருந்ததே இல்ல."

அதைச் சொல்லுங்கள் என்றாள். சவரிமுத்து போய்ச் சொன்னார். நான்கு வாரமாகப் பேசாதிருந்த தம்பி அன்றுதான் வாயைத் திறந்தானாம். தனக்கும் பயமாக இருக்கிறது என்றானாம். பிறகு இருவரும் சின்ன வயதில் கண்மாயில் முங்கியதைப் பற்றி நர்ஸ் வந்து விரட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அதிலிருந்து தமயந்தியின் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோபத்தில் பேச்சு நின்றுபோன கணவன் மனைவி வந்தார்கள், வேலையை விடவேண்டும் என்று முதலாளியிடம் சொல்லத் தெரியாதவர்கள் வந்தார்கள், மருமகளைப் பிடிக்கும் என்று ஒன்பது வருடமாகச் சொல்லாத மாமியார் ஒருத்தி வந்து, அது தனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். மற்றவர்கள் எல்லாம் பேச்சுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள், அதற்கு அடியில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தமயந்தி வேற்று நாட்டு மொழியைக் கற்பதுபோல, அவமானப்பட்டு, தப்பாகச் சொல்லி, சிரிப்புக்கு ஆளாகி, வீட்டுக்கு வந்து அழுது, எழுதி எழுதி அதைக் கற்றவள். எந்தச் சொல்லுக்கு அடியில் எது கிடக்கும் என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. பேருந்து வரும் நேரத்தில் மட்டும் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டு மைக்கில் பேசுவாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவளுக்குத் தன் வீட்டில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டில் அம்மா ஞானசுந்தரி, தங்கை சண்முகப்பிரியா, தமயந்தி என்று மூன்று பெண்கள். அப்பா இறந்தபிறகு ஞானசுந்தரிதான் மெத்தைக்கடையைத் தனியாக நடத்தி இருவரையும் ஆளாக்கியவள். மூன்று வருடத்துக்கு முன்னால் தீராத தலைவலிக்காக மதுரைக்குப் போனபோது, ஒரு பெண் டாக்டர் நான்கு தடவை வரவழைத்துப் பேசி, தமயந்திக்கு இருப்பது ஆட்டிசம், பிறந்ததிலிருந்தே அப்படித்தான், பெண்கள் அதை மறைத்து மறைத்துப் பழகிவிடுவதால் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்று சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார். தமயந்தி அன்று திரும்பும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஞானசுந்தரி அந்தக் காகிதத்தைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

தங்கைக்கு உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது, மூத்தவள் எங்கே, அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேள்வி வந்தது. சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்காது, கல்யாணமே வேண்டாம் என்கிறாள் என்று ஞானசுந்தரி சொல்லிவிட்டாள். அது பஞ்சுக்கு முந்திய காலம், சொன்னது நிலைத்துவிட்டது. மேளச்சத்தம் உனக்கு ஆகாது, கூட்டம் ஆகாது, நீ அன்று வீட்டிலேயே இரு தாயி என்று தமயந்தியிடம் சொன்னாள். அவை ஆகாது என்பது உண்மை. தங்கையின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க ஆசை என்பதும் உண்மை. இரண்டில் முதலாவதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள், இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. தமயந்தியும் சொல்லவில்லை. வீட்டில் சும்மா உட்காருவதற்குப் பதில் வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சு பறக்க ஆரம்பித்த பத்தொன்பதாம் நாள், ஆவணி ஆறாம் தேதி, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அன்று மண்டபத்தில் நடந்ததைத் தமயந்தி பிறகு தங்கையிடம் மூன்றுமுறை கேட்டு, எது முன் எது பின் என்று வரிசைப்படுத்திக்கொண்டாள்.

உள்ளூர்க்காரர்கள் இதற்குள் வாயை அடக்கப் பழகியிருந்தார்கள். வெளியூர்களில் பஞ்சு இல்லாததால் மாப்பிள்ளை வீட்டார் அப்படியில்லை. எல்லைப் பாலத்தைத் தாண்டி வந்த முதல் வேனிலிருந்தே பஞ்சு பறந்தது. ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்றார்கள், பஞ்சு. உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம் என்றார்கள், பஞ்சு. மின்விசிறிகள் அதை வாங்கி மண்டபம் முழுக்க விசிறின. கணுக்கால்வரை ஏறியது, முழங்கால்வரை ஏறியது, நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐயர் எழுந்து நின்று, இதற்கு நடுவில் ஹோமம் வளர்க்க என்னால் முடியாது, ஒரு பொறி போதும், அறுநூறு பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று குரலோடு சொன்னார். சந்தனக்கட்டை அடுக்கியபடியே கிடக்க, மணி ஒன்பதேகால் ஆனது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ருக்மணி, ஞானசுந்தரியிடம் திரும்பி, சிங்கப்பூரிலிருந்து மூத்த பெண் வீடியோவிலாவது பார்ப்பாளா என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், குரல் வந்தது. ஞானசுந்தரி பதில் சொல்லவேண்டிய கட்டாயம். வாயைத் திறந்தாள். மூன்று வருடத்துப் பஞ்சும் அன்றைக்குத்தான் வந்தது என்று சண்முகப்பிரியா சொன்னாள். வந்துகொண்டே இருந்தது. மூடினால் மூக்கு வழியாக வந்தது. மணமேடையின் படிகள் மறைந்தன, மாலைகள் மறைந்தன, ஞானசுந்தரி இடுப்புவரை புதைந்து, கண்களை மட்டும் அகலத் திறந்துகொண்டு நின்றாள். அறுநூறு பேரும் பார்த்தார்கள்.

அப்போது, எதிர்ச்சாரியில் இருந்த பேருந்து நிலையத்திலிருந்து, திறந்திருந்த சன்னல்கள் வழியாக ஒரு குரல் வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் இருந்து ஒன்பது இருபதுக்குப் புறப்படும்." பஞ்சடைத்த அந்த மண்டபத்தில் அந்தக் குரல் ஒன்றுதான் ஒரு பிசிறில்லாமல் கேட்டது.

சண்முகப்பிரியா மணவறையில் எழுந்து நின்றாள். "எங்கக்கா சிங்கப்பூர்ல இல்ல. இப்பப் பேசுனாளே, அதுதான் எங்கக்கா. அவ வந்து நின்னாத்தான் நான் தாலிக்குக் கழுத்தக் குடுப்பேன்."

ஒரு இழை பஞ்சுகூட வரவில்லை.

தமயந்தி ஒன்பது நாற்பது தேனி வண்டிக்கான அறிவிப்புச் சீட்டைக் கையில் எடுத்தபோது அறைக்கதவு திறந்தது. பட்டுப்புடவை முழுக்க வெள்ளையாக, தலையில், புருவத்தில் எல்லாம் பஞ்சோடு அம்மா நின்றாள். ஆளனுப்பாமல் அவளே சாலையைத் தாண்டி நடந்து வந்திருந்தாள். தமயந்தி கையைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தேனி வண்டியைச் சொல்லி முடித்தாள். மைக்கை அணைத்தாள். பிறகு அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

ஞானசுந்தரி இரண்டுமுறை திறந்து மூடினாள். பிறகு, "உன்னைய மறைச்சு வச்சேன்" என்றாள். குரல் வந்தது. அது வந்ததே அவளைத் திடுக்கிட வைத்தது. "மேளச்சத்தத்துக்காக இல்ல. உன்னையப் பாத்தா பிரியாவையும் வேணாம்னுருவாங்களோன்னு பயந்தேன். உன்னைய நெனச்சு வெக்கப்பட்டேன், தாயி."

"தெரியும்மா" என்றாள் தமயந்தி. "ஆனா நீங்க சொல்லி இப்பத்தான் கேக்குறேன்." சற்றுநேரம் மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நெஞ்சில் ஏதோ நோகத்தான் செய்தது. கூடவே, வருடக்கணக்காகக் கல்லோடு சேர்த்து மென்ற சோற்றில் கல் எது என்று காட்டிவிட்டதுபோல ஒரு நிம்மதியும் இருந்தது. "எனக்குப் பிரியா கல்யாணத்தைப் பாக்கணும். ரொம்ப ஆசை. நான் இருக்கிற நேரம் மேளம் வாசலுக்கு வெளிய வாசிக்கட்டும். கேக்காம யாரும் என்னையத் தொடக்கூடாது. இந்தப் பருத்திச் சேலையிலதான் வருவேன், பட்டு எனக்கு உடம்பெல்லாம் அறுக்கும். யார் கேட்டாலும் ஆட்டிசம்னு நானே சொல்லுவேன், நீங்க குறுக்க வரக்கூடாது."

"சரி" என்றாள் ஞானசுந்தரி. அந்தச் சரி குரலாகவே வந்தது. தமயந்தி சவரிமுத்துவைக் கூப்பிட்டு மைக்கை ஒப்படைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மண்டப வாசலில் கூட்டம் வழிவிட்டது. உள்ளே வெளிச்சமும் பூவாசனையும் ஒரேயடியாக அடித்தபோது ஒருகணம் கால் பின்னால் போனது. தூணில் கைவைத்து நின்று, பத்துவரை எண்ணி, நேராக மேடை ஏறி ருக்மணியின் முன்னால் போய் நின்றாள். "நான்தான் மூத்தவ, தமயந்தி. எனக்கு ஆட்டிசம். சத்தம், வெளிச்சம் எல்லாம் எனக்குக் கூடுதலா விழும். உங்க கண்ணப் பாத்துப் பேச வராது, அது மரியாதைக் குறைவு இல்ல. எங்கம்மா உங்ககிட்டப் பொய் சொன்னது தப்பு. எந்தங்கச்சி பேர்ல ஒரு தப்பும் இல்ல."

ருக்மணி முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சை உதறினாள். பிறகு, கோபம் இருக்கிறது, அது உன்மேல் இல்லை, உன் அம்மாவிடம் பிறகு பேசிக்கொள்வேன், இப்போது நேரம் போகிறது, இந்தப் பஞ்சை என்ன செய்வது என்று அவளிடமே கேட்டாள்.

தமயந்தி மண்டப மைக்கைக் கேட்டு வாங்கினாள். மைக்கின் முன்னால் அவளுக்கு எந்நாளும் நடுங்கியதில்லை. மனசில் இருந்தால் மட்டும் பேசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள், சும்மா இருப்பது அவமரியாதை இல்லை என்று அறிவித்தாள். மெத்தைக்கடை ஆட்களைச் சாக்குகளோடு வரச்சொன்னாள். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கினார்கள், ருக்மணியே இரண்டு சாக்கு அமுக்கிக் கட்டினாள். பேச்சில்லாமல் வேலை நடந்தது. இருபது நிமிடத்தில் தரை தெரிந்தது, ஐயர் தீயை மூட்டினார்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு, மேளம் வாசலுக்கு வெளியே தள்ளி மெல்லக் கேட்க, அறுநூறு பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் உள்ளே இருக்க, மாப்பிள்ளை கோகுலன் தாலியைக் கையில் எடுத்தான். கட்டுவதற்கு முன்னால், யாரும் சொல்லிக் கொடுக்காமல், "எனக்குப் பயமா இருக்கு பிரியா. இருந்தாலும் ஒங்கூடத்தான் இருக்கணும்னு இருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் என்றாள் அவள். தமயந்தி தங்கைக்கு ஒரு கை தள்ளி, தன் பருத்திச் சேலையில் நின்று, முடிச்சு விழுவதை ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுசாகப் பார்த்தாள். கூட்டம் கைதட்டப் போனது. யாரோ ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கி அசைத்தார், அது பின்வரிசைவரை பரவியது, அறுநூறு பேரின் கைகளும் காற்றில் சத்தமில்லாமல் அசைந்தன.

பந்தி நடக்கும்போது தமயந்தி கூட்டத்திலிருந்து விலகிப் பின்பக்கம் சாமான் அறைக்கு வந்தாள். அங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு அம்மாள் வெற்றிலையை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கோகுலனின் அத்தை, பவளக்கொடி என்று பெயர், ஐம்பத்தேழு வயது. அவர்கள் குடும்பத்துக் கல்யாணம் எதுவானாலும் அவள் சாமான் அறையில்தான் இருப்பாள், அது ஒரு ஏற்பாடு. அவளும் தமயந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை, தமயந்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் கொஞ்சநேரம் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடையில ஒரு வார்த்தை சொன்னியே" என்றாள் பவளக்கொடி. "இன்னொரு தரம் சொல்லு."

"ஆட்டிசம்."

அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சத்தம் விழுந்தால் ஏன் ஓடி ஒளிகிறேன், ஒரே சேலையை ஏன் உடுத்துகிறேன், கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஏழாம் மாதமே ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்றெல்லாம் அடுக்கிய வெற்றிலையைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டே சொன்னாள். திமிர் என்றார்கள், கிறுக்கு என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள். தமயந்தி ஒவ்வொன்றுக்கும் ஆமாம், எனக்கும் என்றாள், சிலவற்றுக்கு, எனக்கு அப்படி இல்லை என்றாள். மதுரை டாக்டரின் விலாசத்தை வெற்றிலைக் கட்டின் தாளில் எழுதிக் கொடுத்தாள். கூட வரவேண்டுமா என்று கேட்டாள். வா என்றாள் பவளக்கொடி.

வெளியே குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பவளக்கொடி எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சாமான் அறையைத் தாண்டி, பந்தியைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போனாள், ஒரு எட்டு பின்னால் தமயந்தி. அவள் வருவதைப் பார்த்து அவளுடைய அண்ணன், மாப்பிள்ளையின் அப்பா, ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"ஓரத்துல நிக்க மாட்டேண்ணே" என்றாள் பவளக்கொடி. "நடுவுல நிக்கிறேன். இந்தப் பிள்ளையும் எங்கூட நிக்கும்."

அண்ணன் தன் நாற்காலியை விட்டு எழுந்து தள்ளி நின்றார். ருக்மணி நகர்ந்தாள், ஞானசுந்தரி நகர்ந்தாள், மணமக்களே நகர்ந்து இடம் விட்டார்கள். நடுவில் இரண்டு பெண்களும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு நின்றார்கள். சிரிங்க என்று போட்டோக்காரர் சொல்ல வாயெடுத்து, ஏனோ வேண்டாம் என்று விட்டுவிட்டு, அப்படியே எடுத்தார்.